நக்கீரர் ஊரும் நாக்கு வழிப்பானும்: வாய் நாற்றத்தின் கதை

இந்த எபிசோடுக்கு நோட்ஸ் எடுத்துட்டு இருந்தப்போ என் ரூம்மேட் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். "ஏன்டா, சோழர் பாண்டியர் எல்லாம் தீர்ந்து போச்சா? வாய் நாத்தத்துக்கு வந்துட்டே?"ன்னு கேட்டான். தீரல. ஆனா இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. சரக சம்ஹிதை, ஒரு சீன பிக்கு, மார்கோ போலோ, அமெரிக்காவுல ஒரு மவுத்வாஷ் கம்பெனி, நெய்யூர்ல ஒரு டாக்டர்னு நிறைய பேர் இதுல வர்றாங்க. எங்க தாத்தாவும் வர்றார். அதனாலயே இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்.

ஊர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

வாசனைக்காக நடந்த வாக்குவாதம்

என் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம். ஆலங்குடியிலேர்ந்து பேராவூரணி போற பக்கம். பூ வாங்குற விக்கிறவங்களுக்கு எங்க ஊரைத் தெரியும். மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கின்னு காலையில மார்க்கெட் பக்கம் போனா வாசனை தூக்கும். மிச்ச இடமெல்லாம் தென்னை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சதுல பாதி தோப்பு படுத்துடுச்சு. இப்ப திரும்ப எழுந்துட்டு இருக்கு.

ஊர்ல மெய்நின்றநாதர் கோயில் இருக்கு. அங்க 81 அடி உயரத்துக்கு சிவன் சிலை. எதிர்ல நக்கீரர் சிலை. நக்கீரர் எங்க ஊர்க்காரர்ங்கிறது ஊரோட நம்பிக்கை. 'கீரன்' பேர்லதான் கீரமங்கலம்னு சொல்லுவாங்க.

நக்கீரர் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். 1965-ல வந்த 'திருவிளையாடல்' படத்துல நாகேஷ் தருமியா வந்து புலம்புவாரே, அதேதான். பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். பெண்களோட கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்ல பூவும் எண்ணெயும் வைக்கிறதால வருதா? சிவபெருமானே ஒரு பாட்டு எழுதித் தருமிகிட்ட கொடுத்து அனுப்புறார். நக்கீரர் அதுல குற்றம் சொல்றார். எழுதினது கடவுள்னு தெரிஞ்ச பிறகும் பின்வாங்கல. நெற்றிக்கண்ணே திறக்குது, அப்பவும் சொன்னதுதான்.

சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்ப, ஒரு வாசனைக்காக யாராவது இவ்ளோ பெரிய சண்டை போடுவாங்களான்னு தோணும். இப்ப வேற மாதிரி தோணுது. வாசனையைப் பத்தி ஒருத்தர் முகத்துக்கு நேரா உண்மையைச் சொல்றது நிஜமாவே கஷ்டம். எனக்கு ஒருத்தர் சொல்லாம விட்டார். நாங்க ஒருத்தர்கிட்ட சொல்லாம விட்டோம். ரெண்டையும் சொல்றேன்.

தினம் ஒரு மின்ட்

சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்க டீம்ல ஒரு சீனியர். மீட்டிங்குக்கு முன்னாடி பாக்கெட்லேர்ந்து ஒரு மின்ட் எடுத்து எனக்கு நீட்டுவார். தினமும். எவ்ளோ நல்ல மனுஷன்னு நினைச்சேன். ஏழெட்டு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன், அவர் மத்த யாருக்கும் கொடுக்கிறதில்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் மவுத்வாஷ் வாங்கினேன். சூயிங் கம், ஸ்ப்ரே, கிராம்பு எல்லாம் பையில ஏறிச்சு. ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு பழைய கதை. அப்புறம் கோவிட் வந்து மாஸ்க் போட்டோம். நம்ம மூச்சை நாமளே நாள் முழுக்க முகர்ந்து பார்க்கிற வாய்ப்பு மனுஷகுலத்துக்கே அப்பதான் மொத்தமா கிடைச்சுது. எனக்கு மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல்.

வொர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்குப் போனேன். பாத்ரூம்ல இருந்த நீல பாட்டிலைப் பார்த்துட்டு அப்பத்தா கேட்டுச்சு, "இது என்ன தம்பி மருந்து?"

"வாய் கொப்பளிக்கிறது அப்பத்தா. வாடை வராம இருக்க."

"அது இருக்கட்டும். நாக்கு வழிக்கிறியா?"

"டெய்லி பிரஷ் பண்றேன்."

"பல்லு வெளக்குறதைக் கேக்கல. நாக்கு."

அப்பத்தா கொல்லைப்பக்கம் போச்சு. பச்சைத் தென்னோலையிலேர்ந்து ஒரு ஈர்க்கை உருவி, ஓரத்தை நகத்தால சீவி, ரெண்டு கையாலயும் வில்லு மாதிரி வளைச்சு என்கிட்ட கொடுத்துச்சு. "உள்ளேர்ந்து வெளிய இழு. அழுத்தாத." இழுத்தேன். வந்ததை இங்க வர்ணிக்கல, சிலர் சாப்பிட்டுட்டே கேட்பீங்க. ஒரு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது.

என்னை மாதிரி ஆளுக்கு ஒரு விஷயம் வேலை செஞ்சா அதோட நிக்காது. ஏன் வேலை செய்யுதுன்னு தெரியணும். எப்பலேர்ந்து இதைச் செய்றாங்கன்னும் தெரியணும். தேட ஆரம்பிச்சேன்.

நாக்கோட அடிப்பகுதி

சரக சம்ஹிதை ஏறக்குறைய 2000 வருஷப் பழசான ஆயுர்வேத நூல். அதோட சூத்திர ஸ்தானத்துல அஞ்சாவது அத்தியாயத்துல தினசரிப் பழக்கங்கள் வருது. பல்குச்சி பத்திச் சொன்ன கையோட நாக்கு வழிப்பானைப் பத்தி வருது. தங்கம், வெள்ளி, தாமிரம், வெள்ளீயம், பித்தளைன்னு எதுல வேணா செய்யலாம். கூர்மையா இருக்கக் கூடாது, வளைவா இருக்கணும். எதுக்காகன்னும் சொல்லுது: நாக்கோட அடிப்பகுதியில சேர்ற அழுக்குதான் துர்நாற்றத்தைத் தருது, அதனால வழிச்சு எடுக்கணும். நுனி நாக்கு இல்ல, பல்லு இல்ல, வயிறு இல்ல. இடத்தைக் குறிப்பா சொல்லியிருக்கு.

பௌத்த விநய நூல்கள்ல பல்குச்சி மெல்லாத பிக்குகளுக்கு வர்ற கேடுகள்னு அஞ்சு சொல்றாங்க. அதுல ஒண்ணு வாய் நாறும்ங்கிறது. தமிழ்ல, பதினெண்கீழ்க்கணக்குல ஒண்ணான ஆசாரக்கோவை, காலையில எழுந்ததும் குச்சியால பல் துலக்குறதை ஒழுக்கத்துல ஒண்ணா வைக்குது. அதை எழுதினவர் பெருவாயின் முள்ளியார். வாயைப் பத்தி எழுதினவர் பேர்லயே வாய் இருக்கேன்னு சிரிக்காதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி யிஜிங். 671-ல சீனாவிலேர்ந்து கப்பல் ஏறி, நாளந்தாவுல பல வருஷம் தங்கிப் படிச்ச பிக்கு. இந்தியாவுல பார்த்த பழக்கங்களை ஒரு இன்ஜினியர் டாக்குமென்டேஷன் எழுதுற மாதிரி எழுதி வெச்சிருக்கார். பல்குச்சி பன்னிரண்டு விரல் நீளம், குறைஞ்சது எட்டு. ஒரு முனையை நல்லா மென்னு அதால பல்லைத் தேய்க்கணும். முடிஞ்சதும் குச்சியை நீளவாக்குல பிளந்து, வளைச்சு, நாக்கை வழிக்கணும். இல்லைன்னா தாமிரத்துலயோ இரும்புலயோ செஞ்ச வழிப்பான், அதுவும் இல்லைன்னா மூங்கில் சீவல். வேலை முடிஞ்சா கழுவித் தூரப் போடணும்.

இதைப் படிச்சப்ப எனக்கு சிலிர்த்துப் போச்சு. வேப்பங்குச்சியால பல்லு வெளக்கிட்டு அதையே பிளந்து நாக்கு வழிக்கிறதை நான் எங்க ஊர் கிணத்தடியில பார்த்திருக்கேன். 1300 வருஷத்துக்கும் முன்னாடி ஒரு சீனர் எழுதி வெச்சது, ஒரு ஸ்டெப் கூட மாறாம நடக்குது.

இப்ப அறிவியல் பக்கம் வருவோம். 1960, 70-கள்ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஜோசப் டான்செடிச்னு ஒரு ஆராய்ச்சியாளர், வாய் நாற்றத்துல இருக்கிற வாயுக்களைப் பிரிச்சு அளந்தார். முக்கியமான குற்றவாளிகள் கந்தகச் சேர்மங்கள். ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகின முட்டை வாடை. இன்னொண்ணு மெத்தில் மெர்காப்டன், அழுகின முட்டைக்கோஸ் மாதிரி.

இது எப்படி வருது? நாக்கோட பின்பக்கம் ஒரு கம்பளம் மாதிரி. செத்த செல், சாப்பாட்டுத் துணுக்கு, சளி எல்லாம் அதுல மாட்டிக்கும். காத்து படாத அந்த இடுக்குல ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் உட்கார்ந்து புரதத்தை உடைக்கும். அப்ப கந்தக வாயு வெளிய வரும். ஈறுல நோய் இருந்தா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இதே வேலை நடக்கும். எச்சில் இதையெல்லாம் கழுவிட்டே இருக்கிற தண்ணி. தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறையும். அதனாலதான் காலையில எழுந்ததும் எல்லாருக்குமே வாடை.

நம்மள்ல பலர் 'வயிறு சரியில்ல, அதான் வாய் நாறுது'ன்னு நம்புறோம். பெரும்பாலான கேஸ்கள்ல பிரச்சினை வாய்க்குள்ளதான் இருக்கு. வயிறு காரணமா இருக்கிறது அபூர்வம். சரக சம்ஹிதைக்கு பாக்டீரியா தெரியாது. இடம் தெரிஞ்சிருக்கு.

வெத்தலைப் பெட்டி

சுத்தம் பண்றது ஒரு வழி. மணம் சேர்க்கிறது இன்னொரு வழி. அதே அத்தியாயத்துல ரெண்டும் இருக்கு. வாய் தெளிவா, ருசியா, மணமா இருக்கணும்னா ஜாதிக்காய், பாக்கு, கிராம்பு, தக்கோலம், வெற்றிலை, கற்பூரம், ஏலக்காய் இதையெல்லாம் வாயில அடக்கிக்கச் சொல்லுது.

இந்த ரெண்டாவது வழிதான் பெரிய அளவுல வளர்ந்துச்சு. சிலப்பதிகாரத்துல கோவலன் கடைசியா சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் மடிச்சுக் கொடுக்கிறா. கோயில்ல தாம்பூலம், கல்யாணத்துல தாம்பூலம், சமாதானத்துக்குத் தாம்பூலம். 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில தாமிரபரணி முகத்துவாரத்துல இருந்த காயல் துறைமுகத்தைப் பத்தி எழுதின மார்கோ போலோ, இந்த ஊர் ஜனங்க ஒரு இலையை எப்பவும் மென்னுட்டே இருக்காங்கன்னு சொல்றார். பணக்காரங்க அதுல கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்க்கிறதையும் குறிக்கிறார். உடம்புக்கு நல்லதுன்னு அவர்கிட்ட சொன்னாங்களாம்.

எங்க தாத்தாகிட்ட ஒரு வெத்தலைப் பெட்டி இருந்துச்சு. பித்தளை. உள்ள சின்னச் சின்ன அறை. வெத்தலைக் காம்பைக் கிள்ளி, முதுகுல நரம்பை உரிச்சு, வேட்டியில துடைச்சு, சுண்ணாம்பை விரல் நுனியால தடவுவார். சீவல், ரெண்டு கிராம்பு. அப்புறம் அடியில இருக்கிற அறையிலேர்ந்து ஒரு விள்ளல் புகையிலை. நான் மடியில உட்கார்ந்திருக்கும்போது அவர் மூச்சுல வர்ற கிராம்பு வாசம்தான் என் சின்ன வயசோட வாசம்.

அந்த அடி அறையில இருந்தது மட்டும் சரக சம்ஹிதை பட்டியல்ல கிடையாது. புகையிலை அமெரிக்காச் செடி. போர்த்துகீசியர் வழியா நம்ம பக்கம் வந்து 400 வருஷம்தான் இருக்கும். வந்த வேகத்துல பாக்கு, சுண்ணாம்போட சேர்ந்து ஒரே மடிப்புக்குள்ள போயிடுச்சு. ஆயிரம் வருஷமா மரியாதை சேர்த்து வெச்சிருந்த தாம்பூலத்துக்குள்ள அது நுழைஞ்சதால, அதுக்கும் அந்த மரியாதை ஒட்டிக்கிச்சு.

பயத்தை பாட்டில்ல அடைச்ச கதை

மறைக்கிற வேலை நம்ம ஊர்ல மட்டும் நடக்கல. 1879-ல அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ்ல ஜோசப் லாரன்ஸ்ங்கிற டாக்டர் ஒரு கிருமிநாசினி செஞ்சார். அறுவை சிகிச்சையில சுத்தத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் பேரை வெச்சு 'லிஸ்டரின்'னு பேர் வெச்சாங்க. மொதல்ல டாக்டர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும்தான் வித்தாங்க. 1914-லேர்ந்து சாதாரண ஜனங்களுக்கும் கடையில கிடைச்சுது. ஆனா எதுக்கு வாங்கணும்னு ஜனங்களுக்குத் தெரியல.

1920-கள்ல கம்பெனியை நடத்தின ஜெரார்ட் லாம்பர்ட் ஒரு வார்த்தையைக் கண்டெடுத்தார்: 'ஹாலிடோசிஸ்'. மூச்சுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தையோட, வியாதிப் பேருக்குப் போடுற விகுதியைச் சேர்த்தது. மருத்துவப் புத்தகத்துல ஏற்கெனவே தூங்கிட்டு இருந்த வார்த்தைதான். பத்திரிகை விளம்பரங்கள்ல அதைப் போட்டாங்க. அழகான பொண்ணு, கல்யாணம் ஆகல, காரணம் அவளுக்கே தெரியாது, நெருங்கின தோழிகூட சொல்ல மாட்டா. இதுதான் அந்த விளம்பரங்களோட கதை. விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு.

மக்களுக்கு வாய் நாறுதுங்கிறது புது விஷயமே இல்ல. யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்கங்கிற பயத்தைத்தான் வித்தாங்க. எனக்கு மின்ட் நீட்டின சீனியரும் அந்த விளம்பரத்துல வர்ற தோழியும் ஒரே ஆள்தான்.

மவுத்வாஷ் வீண்னு நான் சொல்லல. குளோர்ஹெக்சிடின் மாதிரி மருந்து இருக்கிறதை பல் டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் பயன்படுத்தினா உபயோகம் உண்டு. ஆனா நாக்குல அழுக்கையும் ஈறுல சீழையும் அப்படியே வெச்சுட்டு மேல புதினா ஊத்துறது, சர்வர் அலர்ட் அடிக்குதேன்னு அலர்ட்டை மியூட் பண்ற மாதிரி. நான் அதையும் பண்ணியிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அதோட பலனையும் பார்த்திருக்கேன்.

நெய்யூர், 1933

கன்னியாகுமரி மாவட்டத்துல நெய்யூர். அன்னைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு. லண்டன் மிஷன் நடத்தின பழைய ஆஸ்பத்திரி அங்க உண்டு. வாய்ல புண்ணு, கட்டின்னு வந்த நோயாளிகளைப் பார்த்த டாக்டர் ஓர், 1933-ல 'லான்செட்' பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். வெற்றிலை, பாக்கு மெல்றவங்களுக்கு வர்ற வாய்ப்புற்றுநோய் பத்தி. கூடச் சேர்க்கிற புகையிலைதான் பெரிய காரணம்னு அவர் கை காட்டினார். மடிப்பை எந்தக் கன்னத்துல அடக்கி வெப்பாங்களோ அந்த இடத்துலதான் பெரும்பாலும் நோய் வரும். சிலர் தூங்கும்போதுகூட எடுக்க மாட்டாங்க.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும்னு, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-ல உறுதியா சொல்லுச்சு. 2003-ல கூடின அதோட நிபுணர் குழு இன்னொரு படி மேல போச்சு. புகையிலை இல்லைன்னாலும் பாக்கே புற்றுநோய்ப் பொருள்தான்னு முதல் பிரிவுல வெச்சாங்க. வாய் திறக்க முடியாம இறுகிப் போற நோய்க்கும் பாக்குதான் காரணம். இன்னைக்கு இந்திய ஆண்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். நாம கல்யாண வீட்டுல சீவல் மெல்லும்போதோ, பெட்டிக்கடையில பாக்குப் பொட்டலம் கிழிக்கும்போதோ இது ஞாபகத்துக்கு வர்றதே இல்ல. 'மவுத் ஃப்ரெஷ்னர்'னுதான் அதுக்குப் பேர்.

தாத்தா

நான் பத்தாவது படிச்சப்போ தாத்தாவோட மூச்சு மாறிச்சு. கிராம்பு வாசத்துக்கு அடியில வேற ஒரு வாடை. எனக்குத் தெரிஞ்சுது. எங்க அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கணும். யாரும் பேசல. தாத்தாவுக்கே தெரிஞ்சிருக்குன்னு இப்ப நினைக்கிறேன். ஏன்னா அவர் பெட்டியில கிராம்பு ரெண்டுலேர்ந்து நாலாச்சு, கொஞ்சம் பச்சைக் கற்பூரமும் சேர்ந்துச்சு. பேசும்போது துண்டை வாய்கிட்ட வெச்சுக்குவார். நான் மடியில உட்கார்ற வயசு தாண்டிட்டேன், ஆனாலும் பக்கத்துல உட்கார்றதைக் குறைச்சுக்கிட்டேன். இதைச் சொல்றது எனக்கு ஈசியா இல்ல.

அப்பத்தா மட்டும் ஒருநாள் அப்பாகிட்ட சொல்லுச்சு. "வாடை மாறிடுச்சுப்பா. இது பல்லு வாடை இல்ல." வயசானா அப்படித்தான்னு அப்பா சொல்லிட்டார்.

அறுவடை, ஒரு கல்யாணம், என் பரீட்சை எல்லாம் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ நாலு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. கடைவாய்ல, இடது கன்னத்துக்கு உள்பக்கம். கழுத்துக்கு நெறி இறங்கியிருந்துச்சு. அடுத்த வருஷம் பொங்கலுக்கு தாத்தா இல்ல.

நாலு மாசம் முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாரான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சீக்கிரமா கண்டுபிடிச்சா வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்தற வாய்ப்பு ரொம்ப அதிகம்ங்கிறது மட்டும் தெரியும். நம்மகிட்ட ஒரு தகவல் இருந்துச்சு. மூக்கு வரைக்கும் வந்த தகவல். மரியாதைக்காக அதை யாரும் வாய்விட்டுச் சொல்லல.

இதே புதுக்கோட்டையில 1886-ல பிறந்தவங்கதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததுதான் அவங்களை அந்தப் பக்கம் தள்ளிச்சு. 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவங்க முயற்சியாலதான் தொடங்குச்சு. வீட்டுல நடந்த ஒரு சாவை வெச்சு அவங்க ஒரு ஆஸ்பத்திரியே கட்டினாங்க. என்னால ஒரு எபிசோடு பண்ண முடியும்.

சரி, என்ன பண்ணலாம்

தினமும் ராத்திரியும் காலையிலயும் பல் விளக்குங்க. பல்லுக்கு இடையில நூலோ சின்ன பிரஷ்ஷோ விட்டுச் சுத்தம் பண்ணுங்க. நாக்கைப் பின்பக்கத்திலேர்ந்து முன்னாடி, ரத்தம் வராத அளவுக்கு மெதுவா வழிங்க. ஸ்டீல், தாமிரம், ஈர்க்கு எதுவானாலும் சரி. இதோட பலன் கொஞ்ச நேரம்தான் நிக்கும், அதனால தினமும் செய்யணும்.

தண்ணி குடிங்க. ஏசி ரூம்ல எட்டு மணி நேரம், நாலு காபி, வாயால மூச்சு விடுற பழக்கம் எல்லாம் வாயைக் காய வைக்கும். காலை டிபனைத் தவிர்க்கிறவங்களுக்கும் விரதம் இருக்கிறவங்களுக்கும் வாடை வர்றதுக்கு வாய் காயறதும் ஒரு காரணம். சர்க்கரை இல்லாத கம் மென்னா எச்சில் ஊறும்.

சோம்பு, ஏலக்காய், கிராம்பு, புதினா, கொத்தமல்லி எல்லாம் நல்லதுதான். ஆனா அதெல்லாம் மணம் சேர்க்கிற வேலை. சுத்தம் பண்ணின பிறகு போடுங்க. பூண்டு சாப்பிட்டா எவ்ளோ பல் விளக்கினாலும் வாடை போகாது. அதோட கந்தகப் பொருள் ஒண்ணு ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா வெளிய வரும். கூடவே பால், ஆப்பிள், புதினா இலை எடுத்தா குறையும். உப்புத் தண்ணி கொப்பளிக்கிறது ஈறு வீக்கத்துக்கு இதம். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறதுல சின்ன ஆய்வுகள் கொஞ்சம் பலன் காட்டுது. பல் விளக்குறதுக்கு அது மாற்று இல்ல. செங்கல் பொடி, கரித்தூள், சாம்பல் வேண்டாம், பல்லோட எனாமல் தேயும்.

வெறும் வெற்றிலையை எப்பவாவது மெல்லணும்னா மெல்லுங்க. பாக்கும் புகையிலையும் சேராம.

ரெண்டு, மூணு வாரம் இதையெல்லாம் செஞ்சும் வாடை போகலைன்னா பல் டாக்டர்கிட்ட போங்க. சொத்தை, ஈறு நோய், டான்சில்ல சேர்ற கல், சைனஸ்னு பல காரணம் இருக்கலாம். சர்க்கரை நோய் முத்தினா மூச்சுல பழ வாடை வரும். சிறுநீரகம் பழுதானா அம்மோனியா வாடை வரும். வாய்ல ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், வெள்ளையாவோ சிவப்பாவோ படை, வாய் திறக்கச் சிரமம், கழுத்துல கட்டி, இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அந்த வாரமே போங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் பக்கம் நடந்தப்போ நக்கீரர் சிலையைப் பார்த்தேன். எதிர்ல 81 அடி. அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறார்.

சென்னைக்குத் திரும்பினதும் எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பையனைத் தனியா காபிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் வேற ஏதோ பேசிட்டு, "தம்பி, தப்பா எடுத்துக்காதே"ன்னு ஆரம்பிச்சேன். அவன் முகம் சிவந்து போச்சு. அப்புறம் கேட்டான், "எப்பலேர்ந்துண்ணா தெரியும்?" "ஒரு மாசமா"ன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா"ன்னான்.

உங்க வீட்டுலயும் வெத்தலைப் பெட்டியோடு ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தா, இந்த வாரம் அவங்க பக்கத்துல போய் உட்காருங்க. வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு, உள்ள ஒரு தடவை பாருங்க. திட்டுவாங்க. பரவாயில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.